அப்பாவுக்காக ஒரே ஒரு நம்பர்

1

ஒரே நாள் காலையில் இரண்டு டாக்டர்களிடமிருந்து செய்தி வந்தது. ஒன்று எனக்கு, இன்னொன்று அப்பாவுக்கு.

எனக்கு வந்தது மின்னஞ்சல். நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ரயில் நின்றால் நாலு பேர் இறங்கும் ஓர் ஊர். இங்கே குடும்ப டாக்டரின் கிளினிக்கை ‘சர்ஜரி’ என்பார்கள். வந்த புதிதில் அலுவலகத் தோழி ஒருத்தி, “முதலில் சர்ஜரிக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொள்” என்று சொன்னபோது, எனக்கு அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று பதறிப்போனேன். அந்த சர்ஜரி அவ்வப்போது நோயாளிகளுக்குச் செய்திமடல் அனுப்பும். இந்த முறை மூன்று விஷயங்கள். குளிர்காலத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். நெடுநாள் வேலை பார்த்த நர்ஸ் ஓய்வு பெறுகிறார், வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வரவேற்பறைக்கு வரலாம். தொலைபேசியில் காத்திருக்கும்போது கேட்கும் இசையை, பலர் கேட்டுக்கொண்டதால், மாற்றியிருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாம் இதமாக, யார் மனமும் நோகாமல் எழுதியிருந்தது.

அப்பாவுக்கு வந்தது வாட்ஸ்அப். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய கிளினிக். அங்கே நோயாளிகளுக்கான செய்திகளை டாக்டரம்மா சொல்லச் சொல்ல, கவுண்டரில் இருக்கும் செல்வியக்கா தட்டி அனுப்புவார்.

“சனிக்கிழமை சுகர் பேஷண்டுகளுக்குப் பாதப் பரிசோதனை. கால் கழுவிவிட்டு வரவும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வழியில் காபி குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டாம், ரிசல்ட்டே சொல்லிவிடும். ஆன்லைனில் டோக்கன் எடுத்தவர்கள் நேரில் வந்து டோக்கன் எடுத்துக்கொள்ளவும்.”

அதற்குக் கீழே புதிய சேவை ஒன்று. “பெரியவர்களுக்காக வீட்டில் ஒருவருடைய நம்பர் கொடுக்கவும். ரிப்போர்ட், மருந்து மாற்றம், அவசரம், எல்லாம் அந்த நம்பருக்குத்தான் சொல்வோம். ஒரு பேஷண்டுக்கு ஒரு நம்பர். ஆளாளுக்குப் போன் செய்து கேட்க வேண்டாம்.”

ஆளாளுக்கு என்று பொதுவாக எழுதியிருந்தாலும் அது என்னைத்தான். கடல் தாண்டி இருந்துகொண்டு அந்தக் கவுண்டருக்குப் போன் செய்கிற ஆள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

செய்தியின் தலையில் ‘ஃபார்வர்டு’ என்ற சின்ன அம்புக்குறி. கிளினிக்கின் குழுவில் நான் இல்லை. அப்பாவின் உடம்பைப் பற்றிய எந்தச் செய்தியும் எனக்கு அந்த அம்புக்குறியோடுதான் வரும். அனுப்புவது என் தம்பி மனைவி பிருந்தா. கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: “மாமாகிட்ட யார் நம்பர்னு கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணி.”

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான்தானே மகள்.

2

அப்பா கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நெடுநாளாக உண்டு. அம்மா இருந்தவரை மாத்திரையில் ஓடியது, அவள் போன பிறகு இன்சுலினுக்கு வந்தது. போன தடவை ஊருக்குப் போனபோது அவர் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டிவிட்டு வந்தேன். வட்டமாக, சட்டைக்கை மறைக்கும் அளவுக்குச் சின்னது. அது அவர் போனுக்குச் சர்க்கரை அளவை அனுப்பும், அவர் போன் என் போனுக்கு அனுப்பும். ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்பு. ஏறினால் மேலே, இறங்கினால் கீழே. சரியான அளவில் இருந்தால் பச்சை.

எனக்கு இங்கே ஒரு குடிநீர் நிறுவனத்தில் வேலை. பூமிக்கடியில் ஓடும் குழாய்களில் எந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் கோடு சரிந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம், ஆள் அனுப்புவோம். அப்பாவையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன்.

“அப்பா, என்ன சாப்பிட்டீங்க?”

“சாம்பார் சாதம்.”

“அம்பு நேரா மேல போகுதுப்பா.”

“சாம்பார் சாதத்துக்கு அப்புறம் ஒரு ஜாங்கிரி.”

“ஒண்ணா?”

“கல்யாண வீடு நித்யா. தி. நகர்ல மண்டபத்துல இருக்கேன். இலைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எண்ண முடியுமா?”

என் மகள் மீராவுக்கு நாலு வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். காலையில் என் போனை எட்டிப் பார்த்து, “தாத்தா கிரீனா?” என்பாள். பச்சை என்றால் திருப்தியாகப் பால் குடிக்கப் போய்விடுவாள். வீடியோ அழைப்பில் அவர் முகத்தைக் காட்டினால் அவ்வளவு சுவாரசியம் இல்லை. முகத்துக்கு நிறம் மாறுவதில்லையே.

3

பிருந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி கார்த்திக்கின் மனைவி. சிந்தாதிரிப்பேட்டைப் பெண். தி. நகரில் ஒரு வங்கியில் அதிகாரி. தம்பிக்கு ஓசூரில் வேலை, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். ஆக, அபிராமபுரம் வீட்டில் அப்பாவும் பிருந்தாவும்தான். நல்ல பெண். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் எழுதப்போவதில் அது தெரியாமல் போகலாம்.

எனக்கு எதற்கும் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. பிருந்தாவைப் பார்த்துப் பொறாமைப்படும் விஷயங்களுக்கும் போனில் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் முதலாவது, டாக்டரம்மா அறையில் இருக்கும் நாற்காலி.

அந்த அறையில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல், கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி. “எப்படி இருக்கார்? தூங்கறாரா?” என்று டாக்டரம்மா கேட்பது ஸ்டூலைப் பார்த்து அல்ல, நாற்காலியைப் பார்த்து. நம் ஊரில் உடம்பு நோயாளியுடையது, நோய் கூட வந்தவருடையது. இங்கே நேர்மாறு. ஒரு தடவை என் கணவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க சர்ஜரிக்குப் போன் செய்தேன். வரிசையில் காத்திருந்து, புது இசையை முழுதாகக் கேட்டு, பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் ஒப்பித்த பிறகு வரவேற்பாளர் மிக அன்பாகச் சொன்னார்: அவரே பேசினால்தான் சொல்ல முடியும். “நான் அவர் மனைவி” என்றேன். “கேட்க மகிழ்ச்சி” என்றார்.

பட்டியலில் அடுத்தது, தலைசுற்றல். “லேசாத் தலை சுத்துதும்மா” என்பதை அப்பா பிருந்தாவிடம் சொல்வார். என்னிடம் சொல்வது, “நல்லா இருக்கேன், அங்க மழையா?” சின்ன விஷயங்களும் உண்டு. டாக்டரம்மா பிருந்தாவைப் பெயர் சொல்லி அழைப்பது. அப்பாவின் மருந்து டப்பாவில் அவள் கையெழுத்து. அவள் போடுகிற காபி சர்க்கரை இல்லாமலே நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்வது. பதினைந்து வருடம் நானும் அதே வீட்டில் காபி போட்டேன். இவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

ஒரு நாள் மதியம் என் திரையில் அப்பாவின் கோடு அறுந்துபோனது. எண் இல்லை, அம்பு இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பிறகு பிருந்தாவை வங்கியில் பிடித்தேன். அவள் அடுக்ககத்தின் வாட்ச்மேனைப் பிடித்தாள். வாட்ச்மேன் மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிட்டு, கீழே வந்து தன் மேஜையைப் பார்த்தார். அப்பாவின் போன் அங்கேதான் சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. “சார் பார்க்குக்குப் போறேன்னு சொல்லி இத்தக் குடுத்துட்டுப் போனாரு மேடம். ஓடற அவசரத்துல நான் மறந்தே பூட்டேன்” என்றாராம். போன் பக்கத்தில் இல்லாவிட்டால் சென்சார் செய்தி அனுப்பாது என்பதை அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

அவர் திரும்பி வந்து போனைக் கையில் எடுத்ததும் விட்டுப்போன கோடு தானாக நிரம்பியது. நடுவில் ஒரு குன்று. சுண்டல்தான் சாப்பிட்டேன் என்றார். அது சுண்டல் இல்லை, ஐஸ்கிரீம் என்று கோட்டின் சரிவைப் பார்த்தே சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. “நல்லா வேலை கத்துக்கிட்டே” என்றார்.

4

ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த விடுமுறையில் மீராவோடு ஊருக்குப் போனேன். கிளினிக்கில் இன்னும் யார் நம்பரையும் கொடுக்கவில்லை. அப்பா “பாக்கலாம், பாக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். பாதப் பரிசோதனைக்குப் போகும் சனிக்கிழமை முடித்துவிடுவது என்று நான் தீர்மானித்தேன். பிருந்தாவும் கிளம்பினாள். மீராவைத் தம்பியிடம் விட்டுவிட்டு மூவரும் நடந்தோம். பிருந்தா கையில் அப்பாவின் பழைய ஃபைல், என் கையில் நான் அச்சடித்துக் கொண்டுவந்திருந்த வரைபடங்கள், நடுவில் கையை வீசிக்கொண்டு அப்பா.

கவுண்டரில் செல்வியக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“வா பிருந்தா. இது யாரு, வெளிநாட்டுப் பொண்ணா? இன்னாம்மா, இப்டி எளச்சிட்டே? அங்க சோறு போடறதில்லையா?” பிறகு அப்பாவிடம், “சார், அந்த நம்பர் மேட்டர் உங்களுது மட்டும்தான் பாக்கி கீது. யாருதப் போடட்டும்?”

“என்னோடது போடுங்க” என்றேன்.

அதே நொடியில் பிருந்தா, “என் நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே அக்கா” என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

“ஃபாரின் நம்பர் எடுக்காதும்மா” என்றார் செல்வியக்கா. “பத்து நம்பருக்கு மேல போட்டா கம்ப்யூட்டர்ல செவப்பா ஆயிடுது.”

“வாட்ஸ்அப்ல அனுப்பலாமே.”

“அவசரம்னா இன்னா பண்ணுவே? பிளைட்டு புடிச்சா வருவே?”

“பிருந்தா பேங்க்ல இருக்கும்போது போன் எடுக்க மாட்டா” என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பிருந்தா சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். “நான் எடுக்காதது உங்க போனை மட்டும்தான் அண்ணி.”

எங்களுக்குப் பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். “நைனா, ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா. கையில யூரின் பாட்டில வெச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கறது?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “என் நம்பரே போடும்மா.”

“உங்க நம்பர் வேற எடத்துல கீது சார். இது கூட வர்றவங்க நம்பர்.”

“எனக்குக் கூட வர்றவன் நான்தான்.”

“அது எப்டி சார்? நீங்க மயக்கம் போட்டுட்டா, உங்களுக்கே போன் பண்ணி, சார், நீங்க மயக்கமா கீறீங்கன்னு சொல்றதா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. பாட்டில்காரரும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “ரிப்போர்ட் என்னுது. மருந்து நான் சாப்பிடறது. மயக்கம் வந்தா பாத்துக்கலாம். எழுதிக்கோம்மா” என்றார்.

செல்வியக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. பிறகு தட்டிக்கொண்டார்.

பெயரைக் கூப்பிட்டதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். அந்த நாற்காலி ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரியும். அப்பா கதவருகே திரும்பி நின்று, “ரெண்டு பேரும் வெளியில இருங்க” என்றார். பிருந்தாவின் கையிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டார். என் வரைபடங்களையும் வாங்கிக்கொண்டார், அதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பாதிக் கதவுக்கு அடியில் அவர் கால்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டூலுக்குப் போகாமல் நாற்காலிக்குப் போன கால்கள்.

“கூட யாரும் வரலையா?” டாக்டரம்மாவின் குரல்.

“வந்திருக்காங்க. வெளியில உக்கார வெச்சிருக்கேன்.”

டாக்டரம்மா சிரிப்பது கேட்டது. அதன் பிறகு குரல்கள் தணிந்துவிட்டன. அப்பா நிறையப் பேசினார். என்ன பேசினார் என்று பெஞ்சில் இருந்த எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. பிருந்தா என் பக்கம் சாய்ந்து, “இவ்ளோ பேசுவாரா?” என்று கிசுகிசுத்தாள். “எனக்குத் தெரியாது” என்றேன். அந்தப் பதிலில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அவளுக்கும் தெரியவில்லை.

வெளியே வந்தவரிடம் இருவரும் ஒன்றாகக் கேட்டோம். “டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“நிறைய சொன்னாங்க” என்று செருப்பை மாட்டினார். தெருமுனை வந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். “காலு நல்லா இருக்காம். சர்க்கரை எழுபதுக்குக் கீழ இறங்கினா முதல்ல இனிப்பு, அப்புறம் யாராவது ஒருத்தருக்குப் போன் பண்ணிச் சொல்லணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் என் நம்பர் இருக்குமாம். ஒத்துக்கிட்டேன்.”

“யாருக்கு மாமா?” பிருந்தா கேட்டாள். நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

“அதையும் நான் பாத்துக்கறேன்.”

5

இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை, அப்பா தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நித்யா, இது உன் போனுக்கு வர வேணாம். எடுத்துடு.”

“ஏன்பா?”

“சாப்பாடு இறங்க மாட்டேங்குது. யாரோ எதிர்ல நின்னு தட்டையே பாக்கற மாதிரி இருக்கு. கையில ஒட்டினது இருக்கட்டும், அது கத்தினா எனக்கே கேக்குது.”

கசிவு, அழுத்தம், முன்னெச்சரிக்கை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். “நான் குழாய் இல்லம்மா” என்றார்.

எடுத்துவிட்டேன். ‘நிச்சயமாகவா?’ என்று போன் கேட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்று அழுத்தினேன். இதற்குமுன் அவருக்கும் எனக்கும் நடுவில் தினமும் முந்நூறு தடவை ஏதோ ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தது. அது பிருந்தாவிடம் இல்லாத ஒன்று. என்னிடம் இருந்த ஒன்றே ஒன்று.

இங்கே திரும்பிய முதல் காலையில் மீரா என் போனை எட்டிப் பார்த்தாள். “தாத்தா எங்க?”

“இனிமே போன் பண்ணித்தான் கேக்கணும்.”

கூப்பிட்டுக் கொடுத்தேன். “தாத்தா, நீ கிரீனா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு, நான் இன்னிக்கு நீலச் சட்டை” என்றார் அப்பா. அன்று அவள் அவரிடம் வெகுநேரம் பேசினாள். சட்டையில் எத்தனை பொத்தான், பை எந்தப் பக்கம், பைக்குள் என்ன என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

6

சில வாரங்கள் கழித்து, ஒரு வேலைநாள், அதிகாலை ஷிப்டுக்கு வந்து நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியைத் திறக்கும்போது போன் அடித்தது. அப்பா. அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

“வேலையா இருக்கியா நித்யா?”

“சொல்லுங்கப்பா.”

“ஒண்ணுமில்ல. அறுபத்தெட்டு காட்டிச்சு. கை கொஞ்சம் நடுங்கிச்சு. கல்கண்டு போட்டுக்கிட்டேன். இப்ப எண்பதைத் தாண்டிடுச்சு. டாக்டரம்மா ஒருத்தர்கிட்ட சொல்லணும்னாங்கல்ல, அதான்.”

எனக்கு வந்ததில் பயம் பாதிதான். “காலையில டிபன் சாப்பிட்டீங்களா?”

“லேட்டாயிடுச்சு. இப்ப இட்லி எடுத்து வெச்சிருக்கேன். சாப்பிடப் போறேன்.”

“பிருந்தாகிட்ட சொன்னீங்களா?”

“அவ பாவம், வேலையில இருப்பா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். அவகிட்ட சொல்லிட்டு இருக்காதே.”

போனை வைத்த பிறகு சும்மா எழுந்துபோய், எனக்குப் பிடிக்காத அலுவலகக் காபியை ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் நன்றாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரர், நல்ல செய்தியா என்று கேட்டார். என் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஊரில் மழை என்றேன்.

கோப்பை காலியாவதற்குள் சந்தோஷம் நெருட ஆரம்பித்தது. வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். மறுபடி இறங்கினால் ஓடிப்போகக்கூடியது தி. நகரிலிருந்து பிருந்தாதான். நான் பிளைட்டுப் பிடிக்க வேண்டும். எனக்கு மட்டும் கிடைத்ததை நானே கையை நீட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பிருந்தாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பிருந்தா, பதறாதே. அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி...”

“தெரியும் அண்ணி. அறுபத்தெட்டு. கல்கண்டு போட்டுக்கிட்டாரு. நான் மத்தியானம் லீவு சொல்லிட்டேன், இதோ கெளம்பறேன்.” பிறகு அவள் குரல் மாறியது. “ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்பா போன் பண்ணார்.”

“உங்களுக்கா? ‘உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், நித்யாகிட்ட சொல்லாதே, அவ பதறுவா’ன்னாரே!”

“என்கிட்ட, ‘பிருந்தா பாவம், வேலையில இருப்பா’ன்னார்.”

“அய்யோ மாமா!” என்று அவள் வங்கியிலேயே உரக்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர், ஊரில் நல்ல மழைதான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். சிரித்து முடித்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. ஆட்டோ பிடிக்க வெளியே வந்துவிட்டாள் போல, பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

“அண்ணி” என்றாள்.

“ம்?”

“எனக்குப் பன்னெண்டரைக்குப் பண்ணாரு. உங்களுக்கு எப்போ?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அது அப்படியே என் கேள்வி. வார்த்தை உட்பட என்னுடையது. இத்தனை நாளாக இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் இதை வைத்துக்கொண்டு புழுங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். தினமும் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள், மருந்து டப்பாவில் கையெழுத்து வைத்திருப்பவள், நாற்காலிக்காரி, என் போனுக்கு வந்த அந்த அம்பைப் பற்றி என்ன பட்டியல் போட்டிருந்தாளோ.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இங்கத்திய நேரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். அவளுக்குப் பத்து நிமிடம் முந்தி.

“உனக்கு அப்புறம்தான் பிருந்தா” என்றேன்.

“ஓ” என்றாள். அவ்வளவுதான். அந்த ஓவில் எவ்வளவு இருந்தது என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். “சரி அண்ணி, ஆட்டோ வந்துடுச்சு. வீட்டுக்குப் போனதும் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள். சொன்னபடியே கூப்பிட்டாள். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிருந்தாவுக்கு இந்த மாதிரிக் குறிப்புகள் படிக்கிற பழக்கம் இல்லை, அப்பாவுக்குச் செய்தித்தாள் மட்டும்தான். அந்தத் தைரியத்தில் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குத்தான் முதலில் பண்ணினார்.